எட்டு நாள் தண்ணீர்

பிப்ரவரி கடைசியில் ஸ்ரீலேகா காலை ஆறரைக்கெல்லாம் மொட்டைமாடிக்கு வந்துவிடுவாள். மும்பை செம்பூரில் குளிர் என்று சொல்லிக்கொள்கிற பத்துப் பதினைந்து நாள் முடிந்துவிட்டிருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் வெயில் கொளுத்த ஆரம்பித்துவிடும். அதற்குள் காய்த்து ஓய்ந்த தக்காளிச் செடிகளைப் பிடுங்க வேண்டும். பழைய மண்ணைக் கொட்டிக் காயவைத்து உரம் கலக்க வேண்டும். வெண்டையும் பீர்க்கும் வெள்ளரியும் ஊன்ற வேண்டும், மல்லிகையைக் கிளை நறுக்கிக் கவாத்து செய்ய வேண்டும், காய்ந்து தொங்கும் சாமந்தித் தலைகளிலிருந்து விதை எடுக்க வேண்டும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி ஏறிவிட்டது, அதற்கு வேப்பெண்ணெய் அடிக்க வேண்டும். ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போவாள். கத்தரிக்கோலை எங்கெங்கோ தேடுவாள். அது அவள் இடுப்பிலேயே செருகியிருக்கும்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு வருடத்துக்கு முன்புவரை ஒரு கப்பல் கம்பெனியில் டாகுமென்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிரிவையே ஹைதராபாதுக்கு மாற்றினார்கள். பெண் அப்போது பன்னிரண்டாவது, அதனால் இவள் போகவில்லை. முதல் மாதம் தூங்கினாள். இரண்டாவது மாதம் வீட்டிலிருந்த அலமாரிகளையெல்லாம் இரண்டு தடவை ஒழித்து அடுக்கினாள். மூன்றாவது மாதம் பன்னிரண்டு செடித்தொட்டிகளை மாடிக்குக் கொண்டுபோனாள். இப்போது பெண் மணிபாலில் படிக்கிறாள், மாடியில் நூற்று நாற்பது தொட்டிகள் இருக்கின்றன. தாராவியிலிருந்து வாங்கிய நீல டிரம்கள், தெர்மோகோல் பெட்டிகள், பெயின்ட் டப்பாக்கள் எல்லாவற்றிலும் ஏதாவது வளர்ந்தது. கட்டடத்தில் பாதி வீடுகளுக்குக் கீரையும் பூஜைக்குப் பூவும் அங்கிருந்துதான் போயின.

"நீ செடி வளக்கறயா, ஓட்டப் பந்தயம் ஓடறயா?" என்று அவள் கணவன் அஷ்வத் கேட்பான்.

அன்று தக்காளியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது கிட்டு மாமா மாடிப்படி ஏறி வந்தார். அறுபத்தேழு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே அவர் வீடு. ஸ்ரீலேகா இரண்டாவது மாடி. அவள் தோட்டம் போட்டதிலிருந்து பேப்பரைப் படித்து முடித்ததும் அவர் மேலே வந்து அரை மணி நேரம் பேசிவிட்டு, நாலு தக்காளியோ ஒரு பிடி வெந்தயக்கீரையோ வாங்கிக்கொண்டு போவார்.

"லேகா, எங்காத்து பெட்ரூம்ல மழை பெய்யறது," என்றார்.

"பிப்ரவரியிலயா மாமா?"

"சொட்டு சொட்டா. நெத்தியில விழுந்தது. முதல்ல பல்லியோன்னு நெனைச்சேன். லைட்டைப் போட்டுப் பாத்தா சீலிங்ல தாம்பாளம் அளவுக்கு ஈரம்." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு விநோதத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். "டேங்க் பைப்பா இருக்கும். எந்தக் காலத்துப் பைப் அது!"

ஸ்ரீலேகா தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். அதிலிருந்து புறப்பட்ட குழாய் சுவரோரமாக ஓடி, அவள் செடித்தொட்டிகளுக்குப் பின்னால் மறைந்தது. "பைப்பாத்தான் இருக்கும்," என்றாள், கொஞ்சம் அவசரமாக.

ஆனால் கட்டடத்தின் ஸொஸைட்டி செயலாளர் சாய்நாத்துக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் படிப்படியாக நிரூபிக்க வேண்டும் என்பவர். ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு மீட்டிங் நடந்தது. மழை இல்லை, ஆனாலும் ஒழுகுகிறது, அப்படியானால் ஒன்று டேங்க் குழாய், இல்லையென்றால் மேடத்தின் தோட்டம் என்று அவர் ஹிந்தியில் சொன்னார். குழாயை உடைத்துப் பார்ப்பது பெரிய வேலை. அதற்கு முன் எட்டு நாள் மாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாமல் இருந்து பார்க்கலாம். ஒழுகல் நின்றால் தோட்டம் போக வேண்டும். நிற்காவிட்டால் குழாயை உடைப்போம்.

"எட்டு நாளா?" என்றாள் ஸ்ரீலேகா. "முளை விட்டிருக்கு எல்லாம். செத்துப்போயிடும்."

இரண்டு மூன்று பேர் ஏதோ முணுமுணுத்தார்கள். கொசு வருகிறது என்றார் ஒருவர். அப்போது கிட்டு எழுந்து நின்றார். ஒழுகுவது என் வீட்டில், எனக்கே புகார் இல்லை, இந்தப் பெண் வெயிலில் நின்று வளர்க்கிறதை நாமெல்லாம் சாப்பிடுகிறோம், அது நினைவிருக்கட்டும் என்று ரயில்வே ஹிந்தியில் உரக்கச் சொன்னார். "அவ ஊத்த மாட்டேன்னு சொன்னா ஊத்த மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு," என்று அவளைப் பார்த்துத் தமிழில் முடித்தார்.

அவள் தலையாட்டினாள்.

முதல் நாள், சின்னத் தொட்டிகளில் நாற்பதை வீட்டுக்குள் இறக்கினாள். பால்கனி நிரம்பிக் குளியலறைக்கும் வந்துவிட்டன. அஷ்வத் பல் தேய்க்க ஒரு வெள்ளரிக்கொடியை ஒதுக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பெரியவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. பச்சை வலையை இழுத்துக் கட்டினாள். மண் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பினாள். இரண்டாம் நாள் முப்பத்தாறு டிகிரி வெயில். மூன்றாம் நாள் காலையில் வெண்டை முளைகளெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தன. இரண்டு இலைதான் விட்டிருந்தன, அவையும் துவண்டுவிட்டன. கவாத்து செய்த மல்லிகையில் புதுத் துளிர் கறுக்கத் தொடங்கியிருந்தது. மூலையில் பெரிய டிரம்மில் இருந்த முருங்கை அப்போதுதான் முதல் தடவை பூத்திருந்தது. அந்தப் பூவெல்லாம் தரையில் உதிர்ந்து கிடந்தது.

கீழே இறங்கினாள். காய் நறுக்க உட்கார்ந்தவள் எழுந்து மேலே போனாள். மறுபடி கீழே வந்தாள். அன்று மட்டும் பதினோரு தடவை படி ஏறினாள்.

நாலாம் நாள் துவைத்த துணிகளைப் பக்கெட்டில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். துணிக்கு அடியில் பாதிப் பக்கெட் தண்ணீர் இருந்தது. எல்லாச் செடிக்கும் இல்லை, முளைகளுக்கு மட்டும் என்றுதான் நினைத்தாள். வெண்டைக்கு ஒரு டம்ளர், பீர்க்குக்கு ஒரு டம்ளர். மிச்சத்தை முருங்கைக்கு ஊற்றினாள். துணிகளைக் கொடியில் போட்டாள். படியில் சாய்நாத் எதிரே வந்தபோது அவள் கையில் காலிப் பக்கெட் இருந்தது. "ரொம்ப வெயில் மேடம்," என்று அவர் வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாளும் துணி துவைத்தாள். அழுக்கில்லாத திரைச்சீலைகளைத் துவைத்தாள். ஆறாம் நாள் கட்டிலின் மேல்விரிப்புகள். ஏழாம் நாள் இரண்டு நடை, எட்டாம் நாள் காலையில் ஒரு நடை. முருங்கையில் ஒரு கொத்து உதிராமல் நின்றது.

எட்டாம் நாள் மாலை சாய்நாத் கிட்டுவின் வீட்டுக்குப் போனார். ஸ்ரீலேகாவையும் கூப்பிட்டார்கள். கட்டிலை ஹாலுக்கு நகர்த்தியிருந்தார் கிட்டு. படுக்கையறைத் தரையில் வைத்த வாளியில் கால் வாளித் தண்ணீர். கூரையில் ஈரம் தாம்பாளத்திலிருந்து பெரிய பாய் அளவுக்கு விரிந்திருந்தது.

"நான்தான் சொன்னேனே!" என்று கிட்டு சந்தோஷமாகச் சொன்னார். தன் வீடு ஒழுகுவதில் ஒரு மனிதர் அப்படிச் சந்தோஷப்பட்டதை அவள் பார்த்ததில்லை. சாய்நாத் நெடுநேரம் கூரையைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, சந்தேகப்பட்டதற்கு மன்னிக்க வேண்டும் என்றார்.

"பரவாயில்ல," என்றாள். அவள் கை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தது.

குழாய் வேலைக்குத் தாராவியிலிருந்து பூலோகம் என்பவரை வரச்சொன்னார்கள். அவருக்குக் கையில் வேறு வேலை இருந்தது. பத்து நாளில் வருவதாகச் சொன்னார்.

ஸ்ரீலேகா தோட்டத்தில் வெறியோடு இறங்கினாள். வாடியதையெல்லாம் பிடுங்கினாள். மறுபடி விதைத்தாள். மண்புழு உரம் நாலு மூட்டை வரவழைத்தாள். குழாயை உடைக்க ஆள் வந்தால் சுவரோரம் காலியாக இருக்க வேண்டும் என்று டிரம்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். எல்லா டிரம்மையும் அவள் செங்கல் மேல்தான் வைத்திருந்தாள். முருங்கை டிரம் மட்டும் தரையில் இருந்தது. போன ஜூனில் மழையோடு மழையாக மண்ணை நிரப்பிவிட்டு, கனம் தாங்காமல், செங்கல்லை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டது. அந்த அப்புறம் வரவேயில்லை.

அன்று கடப்பாரையால் அதை நெம்பினாள். அசையவில்லை. இன்னொரு பக்கத்தில் நெம்பினாள். டிரம் ஒரு கை அளவு சாய்ந்தது. குனிந்து பார்த்தாள்.

தண்ணீர் வடியப் போட்ட துளையிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு வேர் இறங்கியிருந்தது. வெள்ளையாக, ஈரமாக, முருங்கைக்குரிய அந்தக் காரமான வாசனையோடு. தரையில் பதித்திருந்த உடைந்த ஓடுகளுக்கு நடுவே இருந்த விரிசலில் அது நுழைந்திருந்தது. நுழைந்த இடத்தில் ஓடுகள் தூக்கிக்கொண்டு நின்றன. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். விரிசலுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. அவள் ஊற்றிய ஒவ்வொரு பக்கெட்டும் நேராக அந்த வழியில்தான் இறங்கியிருக்கிறது.

கடப்பாரையை எடுத்ததும் டிரம் பழையபடி உட்கார்ந்துகொண்டது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு காக்கை மட்டும் இருந்தது.

அஷ்வத் ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னாள். வேரைச் சொன்னாள், பிறகு பக்கெட்டையும் சொன்னாள். அவன் ஷூவைக் கழற்றாமலே கேட்டான்.

"எட்டு நாளும் ஊத்தினயா?"

"அஞ்சு நாள்."

அவன் குனிந்து ஷூவைக் கழற்றினான். "பைப் எப்படியும் பழசுதானே. மாத்தினா நல்லதுதான். நீ ஒண்ணு பண்ணு. சத்தம் போடாம அந்த வேரை அறுத்து எடுத்துடு. ஒழுகறது நின்னுடும். யாருக்கும் நஷ்டமில்ல."

"கிட்டு மாமா எனக்காகப் பேசினார், அஷ்வத்."

"அதனாலதான் சொல்றேன். இப்பப் போய்ச் சொன்னா அவருக்குத்தானே அசிங்கம்?"

அது நியாயம் போலவே பட்டது. மறுநாள் அவள் கவாத்து ரம்பத்தால் வேரை அறுத்தாள். டிரம்மைக் கடப்பாரையால் நெம்பி நெம்பிச் செங்கல் மேல் ஏற்றினாள். விரிசலில் சிமென்ட் பூசி, அதன்மேல் ஜீனியா விதைத்த பெட்டியை வைத்து மறைத்தாள். முருங்கைக்கு மட்டும் நாலு நாள் தண்ணீர் ஊற்றவேயில்லை.

ஒழுகல் நின்றது.

அதோடு முடிந்துவிடும் என்று அவள் நினைத்தாள். ஆனால் ஒழுகல் தானாக நின்றது என்று கேட்டதும் சாய்நாத், அப்படியானால் குழாய் வேலையை அவசரமாகச் செய்ய வேண்டாம், மராட்டிய வருடப்பிறப்பான குடீ பாட்வா கழியட்டும் என்று பூலோகத்தை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். யாரும் வந்து கூரையைத் தட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து கிட்டு மாடிக்கு வந்தார். "லேகா, நின்னேபோச்சு. ஈரம்கூட காஞ்சிண்டு வரது. கட்டிலைத் திரும்ப உள்ள போட்டுக்கறேன். ஹால்ல தூக்கமே வரலை, தெரு லைட் மூஞ்சில அடிக்கறது."

அவள் கையில் பீர்க்கு நாற்று இருந்தது. மாதக்கணக்காகத் தண்ணீர் குடித்த கூரை அது. காய்ந்தால் பூச்சு பெயர்ந்து விழும் என்று அவளுக்குத் தெரியுமா? சரியாகத் தெரியாது. ஆனால் கட்டிலைப் போட வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

"இன்னும் ரெண்டு நாள் போகட்டுமே மாமா," என்றாள்.

"எதுக்கு? அதான் நின்னுடுத்தே."

"சரி மாமா," என்றாள் ஸ்ரீலேகா. நாற்றைக் குழியில் வைத்து மண்ணை அழுத்தினாள். அவர் போன பிறகு பார்த்தால் அழுத்திய அழுத்தில் தண்டு முறிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவள் சாமந்தி விதைகளைக் காகித உறைகளில் போட்டுக்கொண்டிருந்தாள். காலுக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது. மூட்டையைக் கீழே போட்ட மாதிரி. அவள் எழுந்து ஓடினாள். உறைகள் காற்றில் பறந்தன.

கிட்டு தானே கதவைத் திறந்தார். தலை, முகம், பனியன் எல்லாம் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. கண் இரண்டும் மட்டும்தான் தெரிந்தன. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கை மணிக்கட்டிலிருந்து வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"பேப்பர் படிச்சிண்டிருந்தேன்," என்றார். "கையைத் தூக்கினேன், அதனால தலை தப்பிச்சுது."

அவருக்குப் பின்னால் கட்டிலின் தலைமாட்டில் கூரைப் பூச்சு ஒரு பாளமாக விழுந்து கிடந்தது. மேலே கம்பி தெரிந்தது. துருப்பிடித்த கம்பிக்குப் பக்கத்தில் நூல்போல வேர் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் போகும்போது அவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் பல்லைக் கடித்தார். பக்கத்திலிருந்த நர்ஸிங் ஹோமில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு இடத்தில் முறிவு. கட்டுப் போட டாக்டர் வரக் காத்திருந்தபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் ஈரக் கைக்குட்டையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.

"மாமா, டேங்க் பைப் இல்ல அது. என் முருங்கை வேர். எனக்குப் பத்து நாளாத் தெரியும்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்த எட்டு நாள்லயும் நான் தண்ணி விட்டேன். பக்கெட்டுல துணிக்கு அடியில ஒளிச்சுக் கொண்டுபோய்."

"எப்பலேர்ந்து?"

"நாலாவது நாள்லேர்ந்து. அப்புறம் வேரை நானே அறுத்தேன். அதான் நின்னுது."

கிட்டு கைக்குட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். முகத்தைத் தானே துடைத்துக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த டிவியில் சத்தமில்லாமல் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"கை போனாப் போறது, எலும்பு கூடிடும்," என்றார். "மீட்டிங்ல உனக்காகப் பேசினேன், அதுகூடப் போறது. கட்டிலைத் திரும்ப உள்ள போட்டுக்கறேன்னு உன்கிட்ட வந்து சொன்னேனேடி. நீ சரின்னு சொன்னயே லேகா."

 அழுதாள். அவர் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. டாக்டர் கூப்பிட்டதும் எழுந்து, "சாய்நாத்கிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று மாலையே போனாள். சாய்நாத்தின் மனைவி டீ கொண்டுவந்தாள். அது ஆறும்வரை ஸ்ரீலேகா சொல்லி முடிக்கவில்லை. சாய்நாத் சத்தம் போடுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தாள். அவர் போடவில்லை. தான் வைத்த பரீட்சையில் எங்கே ஓட்டை இருந்தது என்று யோசிப்பவரைப்போல உட்கார்ந்திருந்தார். கடைசியில், நீங்கள் படித்தவர், உங்கள் மேல் ஒரு காவல் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை என்றார்.

இரண்டாவது மீட்டிங்கில் அவளுக்காக யாரும் பேசவில்லை. மார்ச் முடிவதற்குள் மாடி காலியாக வேண்டும். கிட்டுவின் கூரையையும் மேல்தளத்தையும் சரிசெய்வது அவள் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

பூலோகம் இரண்டு ஆட்களோடு வந்தார். ஓடுகளைப் பெயர்த்து, வேரை இழுத்து எடுத்துத் தரையில் நீட்டிப் போட்டார். ஆறடி நீளம் இருந்தது.

"பாத்தியளா மேடம், எம்புட்டுத் தூரம் போயிருக்குன்னு? தண்ணி எங்க இருக்கோ அங்க போகும் இது. அது மேல குத்தம் சொல்லக்கூடாது. அடியில நாலு செங்கலை வச்சிருந்தியன்னா ஒண்ணும் ஆயிருக்காதுல்லா?"

"ஆமா," என்றாள்.

மாடியைக் காலி செய்ய பன்னிரண்டு நாள் ஆயிற்று. மார்ச் வெயில் ஓடுகளில் பட்டுக் கண்ணில் அடித்தது. அஷ்வத் ஞாயிற்றுக்கிழமைகளில் மூட்டை தூக்கினான். அறுக்கச் சொன்னது தான்தான் என்று ஒரு தடவை சொல்ல வாயெடுத்தான். "அறுத்தது நான்," என்று சொல்லிவிட்டு அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். ரோஜாத் தொட்டிகள் பக்கத்துச் சீத்தா கேம்ப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயின. மல்லிகைகளை எதிர்க் கட்டடத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கொசு வருகிறது என்று சொன்னவரின் மனைவி இரண்டு செம்பருத்தியைக் கேட்டு வாங்கிப் போனாள். முருங்கையைப் பூலோகத்தின் ஆட்கள் வெட்டி இறக்கினார்கள். அதில் ஒரே ஒரு காய் விரல் நீளத்துக்கு வந்திருந்தது. வெண்டைச் செடிகள் முழங்கால் உயரம் வளர்ந்து மொட்டு விட்டிருந்தன. அவற்றை மாற்றி நட முடியாது, வேர் தாங்காது. அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கடைசி நாள் மாடியைக் கழுவிவிட்டு நின்றபோது வெறும் ஓட்டுத்தரை அவ்வளவு பெரிதாக இருந்ததைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கிட்டுவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனாள். அவர் கதவைப் பாதி திறந்து, "மெஸ்ஸுல சொல்லிவெச்சிருக்கேன். வேண்டாம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மூன்றாவது தடவையும் அதே வார்த்தைகளை அதே குரலில் சொன்னதும் அவள் போவதை நிறுத்தினாள். கூரைப் பூச்சு வேலை நடந்த நாட்களில் மட்டும் உள்ளே விட்டார். அப்போதும் அவர் ஹாலில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒற்றைக் கையால் பக்கத்தைத் திருப்ப முடியாமல் ஒரே பக்கத்தை நெடுநேரம் வைத்திருந்தார்.

அவள் கை மறுபடி சும்மா இருக்க முடியாமல் தவித்தது. அலமாரிகளை ஒழித்தாள். ஹைதராபாத் ஆபீஸில் பழைய ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு மெயில் போட்டாள். பதில் வருவதற்குள் அதை மறந்தாள். சாயங்காலம் ஸ்டேஷன்வரை வேகமாக நடந்து, ரயில் ஏறாமல் திரும்பி வந்தாள்.

கட்டடத்துக்குப் பின்னால், மதிலுக்கும் சுவருக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு சந்து இருந்தது. உடைந்த கமோட், பழைய சைக்கிள், பெயர்த்தெடுத்த டைல்ஸ். பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை அங்கே வெயில் விழுவதை அவள் கவனித்தாள். சாய்நாத்திடம் எழுதிக் கேட்டாள். அவர் கமிட்டியில் வைத்தார். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, மரம் எதுவும் இல்லாமல், என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். ஏப்ரல் இரண்டாவது வாரம் முழுக்க அவள் குப்பையை அள்ளினாள். கண்ணாடித் துண்டு, டூத் பிரஷ், ஒரு பொம்மையின் கால். அதற்குக் கீழே கறுப்பு மண் இருந்தது. இறுகிக் கெட்டியாக, ஆனால் உண்மையான தரை மண். கடப்பாரையால் கொத்தக் கொத்தக் கட்டி கட்டியாக வந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் அவள் அந்தக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தபோது சந்தின் முனையில் நிழல் விழுந்தது. கிட்டு நின்றிருந்தார். கையில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்துவிட்டிருந்தார்கள். இடது கை வலது கையைவிட இளைத்து, வெளிறி, வேறு யாருடையதோபோல இருந்தது.

"டாக்டர் எதையாவது பிசையச் சொல்றார்," என்றார். "இல்லேன்னா விரல் மடங்காதாம். ஒரு ரப்பர் பந்து குடுத்திருக்கார். அதை அமுக்கிண்டு எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது?"

ஸ்ரீலேகா எழுந்து, கவிழ்த்துப் போட்டிருந்த பெயின்ட் டப்பாவை நகர்த்தி வைத்தாள். அவர் அதில் உட்கார்ந்தார். அவள் ஒரு மண்கட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் விரல்களை மடக்கினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை மடக்கினார். வலியில் முகம் கோணியது. கட்டியின் ஓரம் கொஞ்சம் உதிர்ந்தது.

"நான் மறக்கலை," என்றார், மண்ணைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும் மாமா."

"எனக்குக் கீரை, கறிகாய் எதுவும் குடுத்தனுப்ப வேண்டாம்."

"சரி."

இருவரும் ஒரு மணிவரை வேலை செய்தார்கள். அவர் ஏழு கட்டிகளை உடைத்தார். அவள் அந்த மண்ணைப் பரப்பி, விரலால் குழி போட்டு விதை போட்டாள். என்ன விதை என்று கேட்டார். தண்டுக்கீரை என்றாள். இவ்வளவு பொடியாக இருக்கிறதே என்றார்.  வெயில் மதிலுக்கு மேலே ஏறியதும் அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. ஸ்ரீலேகா பத்து மணியிலிருந்து சந்தின் முனையைப் பார்த்துக்கொண்டே களை எடுத்தாள். அதற்கடுத்த நாள் பத்தரைக்கு வந்தார். வெயிலுக்குத் தலையில் ஒரு வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டிருந்தார்.